ஐந்தாம் முழம்

மேயிர் வைகாசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் செத்துப்போனான், அன்று சாயங்காலமே அவனை அடக்கம் செய்தார்கள், மறுநாள் விடிந்தபோது யூதப் பள்ளியின் பின்முற்றத்தில், அவன் கடைசியாக நின்ற இடத்தில், அவன் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. உள்ளே போகிற மூச்சு மட்டும்தான். வெளியே வருகிற மூச்சு இல்லை. தண்ணீர் இறைக்க வந்த நெகேமியா, மேயிருக்கு அண்ணன், வாளியைக் கீழே வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தார். முப்பத்துமூன்று எண்ணுவதற்கு ஒருமுறை அது இழுத்தது. தப்பாக எண்ணியிருப்போமோ என்று மறுபடியும் எண்ணினார். முப்பத்துமூன்றுதான்.

பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கிற இடம் இல்லை, தொழுகிற இடம். முத்தாழித்துறையில் துலுக்கப் பள்ளி இரண்டு, யூதப் பள்ளி ஒன்று. யூதத் தெருவில் ஏழு வீடு, கப்பலேறிப் போனவர்கள் போக மிச்சம் இருந்த ஆண்கள் பத்துப் பேர். கூட்டுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும், ஒன்பது போதாது, அதனால் அந்தப் பத்துப் பேரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தெருவே கஷாயம் வைத்தது. பள்ளியைத் திறப்பது, விளக்கேற்றுவது, தண்ணீர் நிரப்புவது, ஆள் எண்ணுவது எல்லாம் நெகேமியாவின் வேலை. மனிதர்களை எண் சொல்லி எண்ணக்கூடாது என்பதால், சரியாகப் பத்துச் சொல் உள்ள ஒரு வேத வரியைச் சொல்லி, ஆளுக்கு ஒரு சொல்லாக விரல் நீட்டி எண்ணுவார். பத்தாவது சொல் எப்போதும் மேயிருக்கு. அவன்தான் எப்போதும் கடைசியில் வருவான்.

பள்ளிக்குப் பின்னால் முற்றம், முற்றத்தின் கிழக்கு மூலையில் கக்கூசு. அசுத்தமான இடத்தின் பக்கத்தில் நின்று வேத வார்த்தையை வாயில் எடுக்கக்கூடாது என்பது யூதர்களின் சட்டம். எவ்வளவு தூரம் என்பதற்கும் சட்டத்தில் அளவு உண்டு: வாடை எங்கே முடிகிறதோ அங்கிருந்து நான்கு முழம். பதினான்கு வருடத்துக்கு முன்பு, காற்று நின்றுபோன ஒரு கோடை மத்தியானத்தில், நெகேமியா கண்ணை மூடிக்கொண்டு கக்கூசு வாசலிலிருந்து அடிமேல் அடி வைத்து மோந்துகொண்டே நடந்து, வாடை அற்றுப்போன இடத்தில் ஓர் ஆணி அடித்து, அங்கிருந்து தன் கையாலேயே முழம் போட்டு, கடற்கரையிலிருந்து பொறுக்கிய ஏழு கல்லை வரிசையாகப் பதித்துச் சுண்ணாம்பு அடித்தார். அன்றிலிருந்து கக்கூசுக்குப் போய்வருகிறவர்கள் கை கழுவி, கல்லைத் தாண்டி, அப்புறம்தான், உடம்பில் திறக்க வேண்டியதைத் திறந்தும் மூட வேண்டியதை மூடியும் வைத்தவனுக்கு நன்றி சொன்னார்கள். கல்லுக்குக் கக்கூசுப் பக்கம் ஒரு சொல்லும் இல்லை. நெகேமியாவின் கல் என்றால் யாரும் இன்னொரு முறை அளந்து பார்க்க மாட்டார்கள்.

மேயிர் அந்தப் புதன்கிழமை கக்கூசிலிருந்து வந்து, கை கழுவிவிட்டுக் கல்லைப் பார்த்து நடந்தான். நெகேமியா கிணற்றடியில் இருந்தார், பதினேழு எட்டு தூரம். கல்லுக்கு அரை முழம் இருக்கும்போது மேயிர் நின்றான், நெஞ்சைப் பிடித்தான், "அண்ணே" என்றான். சாகப்போகிற யூதன் சொல்ல வேண்டியது ஆறே ஆறு சொல்: ஷெமா என்கிற வரி, கேள் என்று தொடங்கி, அவன் ஒருவன் என்று முடிவது. அதைச் சொல்ல மேயிர் மூச்சை இழுத்தான். வாய் திறந்தது. கண் கீழே போய்க் கல்லைப் பார்த்தது, அங்கிருந்து ஏறி அண்ணனைப் பார்த்தது. நெகேமியாவின் கண்ணும் கல்லுக்குத்தான் போனது. ஏழு எண்ணுகிற நேரம் அப்படிக் கழிந்தது. பிறகு மேயிர் வாயை மூடிக்கொண்டு மண்டி போட்டுச் சரிந்தான். நெகேமியா ஓடிவந்து தூக்கிய போது அவன் உதடு ஒட்டியிருந்தது, கன்னம் இரண்டும் வாய் நிறையத் தண்ணீர் வைத்திருப்பவனைப் போல உப்பியிருந்தது. குளிப்பாட்டியவர்களும் அதை அமுக்கிப் பார்த்தார்கள், அமுங்கவில்லை.

மூச்சைப் பற்றி ஊருக்கு இரண்டு நாளில் தெரிந்துவிட்டது, நான்கு நாளில் பழகியும் போனது. காற்று அந்த இடத்தை நோக்கியே இழுக்கப்பட்டதால், முற்றத்தில் உதிர்கிற இலை, கோழி இறகு, கிழிந்த செய்தித்தாள் துண்டு எல்லாம் மெல்ல மெல்ல நகர்ந்து அங்கே வந்து சேர்ந்தன. முற்றத்துக் கொடியில் காய்கிற துணி ஒரே பக்கமாகச் சாய்ந்தது. இழுப்பு நோய்க்காரர்கள் வந்து பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் குறையவில்லை என்றாலும் துணையாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வலைக்காரப் பெண் ஒருத்தி கனகாம்பரம் கட்டிக் கொண்டுவந்து வைத்தாள். நெகேமியா அவளைக் கும்பிட்டு அதைத் திருப்பிக் கொடுத்து, இது சாமி இல்லை, என் தம்பி என்றார். இறப்புச் சான்றிதழுக்காக வந்த சுகாதார ஆய்வாளர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் கேட்டு, "மூச்சு உண்டு, ஆள் இல்லை" என்று எழுதி, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் தாளின் ஓரத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

எதிரே டீக்கடை வைத்திருந்த சேகு மீரான், மேயிர் இருந்தபோது கொடுத்தது போலவே தினமும் காலையில் ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து அங்கே வைப்பார். ஆவி நேரே மேலே போகாமல் மூச்சின் பக்கம் வளைந்து போய் மறையும். "குடிக்காட்டியும் மோந்துக்கிடுதான் பாருங்க அண்ணாச்சி," என்பார். "எங்க ஆளுகளும் கக்கூசுல ஆண்டவன் பேரை எடுக்க மாட்டோம். இடது கால் வச்சு உள்ள போவோம், வாயைப் பொத்திக்கிட்டு வருவோம். ஆனா இப்படிப் பொத்துனவனை நான் பாத்ததில்ல."

மேயிரின் மனைவி சிப்போரா அழவில்லை. புருஷன் செத்தால் உடுப்பைக் கிழிக்க வேண்டும், ஏழு நாள் தரையில் உட்கார வேண்டும். அவள் கிழிக்கவுமில்லை, உட்காரவுமில்லை. "மூச்சு இருக்கிற மனுஷனுக்குத் துக்கம் இருக்கச் சொல்லுதீங்களா?" என்று கேட்டாள். வீட்டிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு, காலையில் சேர்ந்த குப்பையைக் கூட்டிவிட்டு, மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்து, அரிசி புடைத்தபடி, சாளை மீன் வந்திருக்கிறது, ஓடு இரண்டு உடைந்திருக்கிறது, பக்கத்து வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தாள். வேத வார்த்தை தவிர வேறு எதையும் அங்கே பேசலாம். இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் அவள் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

ஆண்களின் பாடு வேறு. ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். துக்கக்காரன் செத்தவனுக்காகப் பதினோரு மாதம் சொல்ல வேண்டிய ஜெபத்துக்கும் பத்துப் பேர் வேண்டும். நெகேமியா விரல் நீட்டி எண்ணுவார், ஒன்பதாவது சொல்லில் வரி நின்றுவிடும், ஆளாளுக்குத் தனியாக முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். தெருவிலேயே மூத்தவர் ரூபேன் மாமா, எழுபத்தொன்பது வயது, அவர்தான் கேட்டார்: "ஏல நெகேமியா, அந்த மூச்சைப் பத்தாவதா வச்சுக்கிட்டா என்ன?"

"கல்லுக்கு அந்தப் பக்கம்லா இருக்கு மாமா. அங்க நின்னு தொழ முடியாதவனை எப்படி எண்ணுறது?"

"அப்ப கக்கூசை இடிச்சுரு."

"சரி மாமா."

"பொறு, பொறு. இடிச்சுட்டா நான் எங்கடா போறது? ராத்திரி மட்டும் நாலு தடவை போறேன்."

இடிக்கவில்லை. ஒரு மாதம் பூட்டி வைத்து, சுண்ணாம்பு கொட்டி, ரூபேன் மாமாவைச் சேகு மீரான் கடையின் பின்பக்கம் போகச் சொல்லிப் பார்த்தார்கள். வாடை ஆணி வரைக்கும்கூட வரவில்லை. மூச்சு மட்டும் அங்கேயே, முப்பத்துமூன்றுக்கு ஒன்றாக, இழுத்துக்கொண்டே இருந்தது. மேயிர் வாடையைப் பார்த்து வாயை மூடவில்லை, கல்லைப் பார்த்து மூடினான் என்பது நெகேமியாவுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லாதது இன்னொன்றும் இருந்தது.

ரூபேன் மாமா, மலைக்கு மேற்கே இன்னும் முப்பது குடும்பம் இருந்த ஓர் ஊரின் பெரியவருக்கு எல்லாவற்றையும் விவரித்துக் கடிதம் எழுதினார். பதில் மாசியில் வந்தது. மற்ற எட்டுப் பேரையும் உட்காரவைத்து உரக்கப் படித்தார். இரண்டே வரி. "நான்கு முழம் என்றுதான் சட்டம். உங்கள் கல் எத்தனையாவது முழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதவும்."

"நெகேமியா போட்ட கல்லு," என்று ரூபேன் மாமா சிரித்தார். "அதைப் போய் அளக்கச் சொல்லுதார் பாரு. சரி, கேட்டுட்டார், அளந்து சொல்லிரு."

"அளக்கேன் மாமா," என்றார் நெகேமியா. மாசி போனது, பங்குனி போனது. கேட்கும்போதெல்லாம் அளக்கிறேன் என்றார். பதினான்கு வருடமாக இராத்திரி படுக்கையில் தன் நல்ல காரியங்களை எண்ணிப் பார்க்கும்போது முதலாவதாக எண்ணியது அந்த ஐந்தாவது முழத்தைத்தான். நான்கு போட்டு முடித்தபின், மழைக்காலத்தில் வாடை நீளலாம், கிழவர்களுக்கு மூக்கு மந்தம், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஒன்று போட்டார். கடவுளுக்கு ஒரு முழம் கூடுதல் மரியாதை. வெளியே சொன்னால் பெருமை ஆகிவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த முழத்துக்குள்தான் மேயிர் நின்றான். சட்டப்படி அவன் தாண்டிவிட்டான். சொல்லியிருக்கலாம். ஆறு சொல்லுக்கு அந்த ஏழு எண்ணிக்கை தாராளமாகப் போதும்.

சித்திரை பிறந்து வேம்பு பூத்துக் கொட்ட ஆரம்பித்தது. பூவெல்லாம் ஊர்ந்து வந்து மூச்சைச் சுற்றி வெள்ளை வட்டமாகச் சேர்ந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தெரு தூங்குகிற நேரத்தில், நெகேமியா ஆணியின் பக்கத்தில் குனிந்து முழங்கையைத் தரையில் ஊன்றினார். முக்காலியில் சிப்போரா இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"அஞ்சு, பெரியத்தான்," என்றாள் அவள்.

அவர் குனிந்தபடியே இருந்தார்.

"உங்க கையால அஞ்சு. என் கையால அஞ்சேமுக்கால். அவுக செத்த மூணாம் நாளே நான் அளந்துட்டேன்."

"மூணாம் நாளா?"

"ஆமா."

"ஏன் சொல்லல? ஊரைக் கூட்டி என் மூஞ்சியில துப்பியிருக்கலாமே."

"சொன்னா நீங்க கல்லை நகத்திருவீங்க. கல்லு நகந்தா அவுக சொல்லிருவாக. சொல்லிட்டா..." அவள் முறத்தைத் தட்டினாள். "நீங்க ஒரு முழம் கூட வச்சீங்க, நான் பதினோரு மாசம் கூட வச்சேன். யார் மூஞ்சியில யார் துப்புறது?"

மூச்சு இழுத்தது. பூ அரை விரல் நகர்ந்தது.

"அப்படியே இருக்கட்டுமா, சிப்போரா?" என்றார் அவர். அவருக்கும் அது வேண்டியிருந்தது. அளவு நான்கு என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், கல்லும் பெயரும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அவள் முறத்திலிருந்து ஒரு நெல்லைப் பொறுக்கி எறிந்தாள். "நேத்து நான் மூச்சைப் பிடிச்சுப் பாத்தேன் பெரியத்தான். அவுகளுக்கு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிடலாம்னு. அறுபத்துநாலு வரைக்கும் எண்ணினேன். அதுக்கு மேல கண்ணு இருட்டிட்டு வந்துட்டு, நெஞ்சு உடையப் பாத்தது." முறத்தைக் கீழே வைத்தாள். "அறுபத்துநாலுதான். அவுக பதினோரு மாசமா நிக்காக. நான் எதிர்ல உக்காந்து மீன் கதை பேசிட்டு இருக்கேன்."

மறுநாள், புதன்கிழமை காலையில், நெகேமியா விரல் நீட்டி எண்ணி, ஒன்பதாவது சொல்லில் நின்று, கையைக் கீழே போடாமல் சொன்னார்: "கல்லு அஞ்சாவது முழத்துல இருக்கு. நாலுல இல்ல. தெரிஞ்சே போட்டேன்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ரூபேன் மாமாவுக்கு விளங்கியது. அவர் எழுந்து, கைத்தடியை ஓங்கி, ஓங்கிய இடத்திலேயே வைத்துக்கொண்டு, "அவன் தாண்டிட்டானாடா?" என்றார்.

"தாண்டிட்டான் மாமா."

கைத்தடி மெல்ல இறங்கியது. "பதினாலு வருஷமா என்னை ஒரு முழம் கூட நடக்க வச்சிருக்க," என்றார் ரூபேன் மாமா. "அது போவட்டும். அதையாவது நான் நடந்துட்டேன்."

முற்றத்துக்குப் போனார்கள். நெகேமியா மண்டியிட்டு ஏழு கல்லையும் ஒவ்வொன்றாகப் பெயர்த்து, தன் கையால் முழம் போட்டு, நான்கில் பதித்தார். பதினான்கு வருடச் சுண்ணாம்பு நகத்துக்குள் ஏறியது. இப்போது மூச்சு கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்தது. ஒன்பது பேரும் கக்கூசுக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்து நின்றார்கள். சிப்போரா முக்காலியை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டு நின்றாள். வாசலில் சேகு மீரான் கிளாசும் கையுமாக நின்றார். முப்பத்துமூன்று எண்ணினார்கள். மூச்சு இழுத்தது. அவ்வளவுதான். இன்னொரு முப்பத்துமூன்று. அவ்வளவுதான்.

"கல்லை நகத்துனா அவனுக்கு என்ன தெரியும்?" என்றார் ரூபேன் மாமா. "அவன் கடைசியா உன்னைத்தானடா பாத்தான்."

நெகேமியா வேப்பம்பூ வட்டத்துக்குப் பக்கத்தில் போய், தன்னைவிட ஒரு சாண் உயரமான தம்பியின் முகம் எங்கே இருக்குமோ அங்கே நிமிர்ந்து பார்த்தார். வேத வரியின் பத்தாவது சொல்லைச் சொல்லி அந்த இடத்தில் விரல் வைத்தார். விரல் நுனி குளிர்ந்தது.

"தாண்டிட்ட தம்பி," என்றார். "அன்னைக்கே தாண்டிட்ட. அண்ணன்தான் தப்பா நின்னேன். சொல்லு."

முப்பத்துமூன்று வரை போகவில்லை. பன்னிரண்டிலேயே, கொஞ்சம் கரகரத்து, காலையில் முதல்முதலாகப் பேசுகிற குரலில், மேயிர் சொன்னான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது சொல்லை நீட்டிச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம், மூச்சு இருக்கிற வரைக்கும் நீட்ட வேண்டும், அவனிடமோ பதினோரு மாத மூச்சு இருந்தது. அது வெளியே வர வர வேப்பம்பூவெல்லாம் எழும்பிச் சுவரைத் தாண்டித் தெருவுக்குள் போனது, கொடியில் காய்ந்த துணி பதினோரு மாதத்துக்குப் பிறகு மறுபக்கம் சாய்ந்தது, பள்ளியின் மேற்குச் சன்னல்கள் நான்கும் தாமாகத் திறந்தன, டீக்கடையில் அடுப்பு அணைந்தது, அந்தச் சொல் இன்னும் முடியவில்லை.

"பத்து!" என்று ரூபேன் மாமா நெகேமியாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "இப்ப பத்துடா! அவன் முடிக்கதுக்குள்ள சொல்லு!"

செத்தவனுக்காகச் சொல்கிற ஜெபத்தை நெகேமியா ஆரம்பித்தார். வாழ்நாளில் ஓர் எழுத்தையும் விழுங்கிச் சொல்லாதவர், தம்பியின் மூச்சு எந்த இடத்தில் அறுந்துபோகுமோ என்று நடுங்கி ஓடினார். பாதியில் அது தெரிந்தது: மேயிர் அவருக்காக நீட்டுகிறான், சின்ன வயதில் கடற்கரையில் பின்தங்கி வரும் அண்ணனுக்காக நின்று நின்று போனது போல. ஓடுவதை விட்டார். ஒவ்வொரு சொல்லாக, உரிய இடத்தில் நிறுத்தி, மற்றவர்கள் ஆமென் சொல்ல இடம் விட்டுச் சொன்னார். எட்டு ஆண்களும் ஆமென் சொன்னார்கள், ஓரத்திலிருந்து சிப்போராவும் சொன்னாள், அடியில் ஆறாவது சொல் அறுபடாத நூலாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசி ஆமெனில் அது முடிந்தது.

நெகேமியா எண்ணினார். முப்பத்துமூன்று. ஒன்றுமில்லை. எண்ணிக்கொண்டே போனார்.

"எத்தனை, பெரியத்தான்?" என்றாள் சிப்போரா.

"அறுபத்துநாலு தாண்டிட்டு."

அவள் தலையை ஆட்டினாள். கழுத்துப் பக்கம் ரவிக்கையைப் பிடித்துக் கிழித்தாள். புதுத்துணி, உடனே கிழியவில்லை, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. பிறகு பூ எல்லாம் போய்ச் சுத்தமாக இருந்த அந்தத் தரையில், முக்காலியை விட்டுவிட்டு, வெறுமனே உட்கார்ந்தாள்.

சேகு மீரான் உள்ளே வந்து வழக்கமான இடத்தில் கிளாசை வைத்தார். ஆவி நேரே மேலே போனது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அழுதார்.

மறுநாள் காலை நெகேமியா பள்ளியைத் திறந்து, விளக்கேற்றி, தண்ணீர் நிரப்பி, வந்தவர்களுக்கு நேரே விரல் நீட்டி வேத வரியைச் சொன்னார். ஒன்பதாவது சொல் ரூபேன் மாமாவுக்கு வந்தது. அதற்கு மேல் ஆள் இல்லை. நெகேமியா பத்தாவது சொல்லுக்கு மூச்சை இழுத்தார், வாயைத் திறந்தார், பின்கதவு வழியாக முற்றத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.